சிங்கப்பூரில் பறவை பார்க்க: சதுப்புநிலமா, பூங்காவா?

பிள்ளைகளின் வீட்டில் இரண்டு மாதம் தங்கப்போகிறவர், பைனாகுலரைப் பெட்டியில் வைத்துக்கொண்டால், சிங்கப்பூரில் அவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியவை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம், தாவரவியல் பூங்கா ஆகிய இரண்டில் ஒன்றாக இருக்கும். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

1859இல் நிறுவப்பட்டு, 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பூங்காவின் வாசலிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே ஏரிக்கரையில் சீழ்க்கைச் சிறகிகளையும், வாய்ப்பிருந்தால் மரத்தில் இருவாச்சியையும் பார்த்துவிடலாம்.

சுங்கை பூலோவுக்குக் கிராஞ்சி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆனால் செப்டம்பர் முதல் மார்ச் வரை, வட ஆசியாவிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகளுக்காக அந்த அலைச்சலை நான் தயங்காமல் ஏற்பேன். கடலில் ஓதம் ஏறி வெளியே சேற்றுத்திட்டுகள் மூழ்கும் நேரத்தில்தான் அவை காப்பகத்தின் குளங்களுக்குள் வந்து ஒதுங்குகின்றன என்பதால், ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்புவது வீண். பறவை பார்ப்பவர்களுக்கான மறைவிடத்தின் மரச்சட்ட இடுக்கு வழியே நோக்கினால், ஒற்றைக் காலில் உறங்கும் பவளக்காலியின் சிவந்த கால்கூடத் தெளிவாகத் தெரியும். கோடியக்கரையில் அதைக் கண்டவர்களுக்குப் பழைய நண்பரைச் சந்தித்தது போலிருக்கும். நீரில் கிடக்கும் மரக்கட்டை முதலையாகவும் இருக்கலாம். பாதையை விட்டு இறங்கக் கூடாது.

மே, ஜூனில் போகிறவர்களுக்குப் பூங்காவே போதும்.