மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட் வண்டி எடுக்கலாமா?

தம்பி கல்யாணத்துக்கு மயிலாப்பூரில் சாரட் வண்டி வாடகைக்கு எடுத்தோம், கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும்தான். வண்டி அமர்க்களம். நான்கு சக்கரம், சிவப்பு வெல்வெட் மெத்தை, ஓரமெல்லாம் சீரியல் லைட், மாப்பிள்ளையோடு வாண்டுகள் கூட்டமே ஏறியும் தாராளமாக இருந்தது.

குதிரைதான் பாவம். சேணப்பட்டை உரசிய இடத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. நாதஸ்வரத்துக்கெல்லாம் அசையாமல் நின்றது, ஆனால் சரவெடி ஆரம்பித்ததும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பின்வாங்கப் பார்த்தது. வண்டிக்காரப் பெரியவர் சட்டென்று இறங்கி மூக்கைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினார். அவருக்காகவே ஒரு ஸ்டார் கூடுதல்.

இந்தச் சொகுசை வைத்துப் பழைய மெட்ராஸ் சவாரியைக் கற்பனை செய்யாதீர்கள். அங்கே சாதாரண ஜனங்களுக்கு ஜட்காதான்: ஒற்றைக் குதிரை, இரண்டு சக்கரம், வளைந்த கூரை, பின்பக்கமாக ஏறி வைக்கோல்மேல் காலை மடக்கி உட்கார வேண்டும், பின்பாரம் ஏறினால் வண்டி தூக்கிவிடும் என்பதால் "முன்னாடி தள்ளி உட்காருங்க" என்று அதட்டல் வேறு. 1895இல் மின்சார டிராம் வந்தும் அது ஒழியவில்லை.

சரி, காசு விஷயம். பேசியது ஒன்று, இறங்கும்போது "வெயிட்டிங், பேட்டா" என்று கேட்டது வேறு. மாமா சண்டைக்கே போய்விட்டார். எல்லாம் சேர்த்து முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் மண்டப வாசலில் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், எங்களைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார்கள்.