லேசருக்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள்

மாதவிடாய் நின்றபோது எனக்கு 51 வயது. திடீர் வியர்வையும் தூக்கமின்மையும் இரண்டு வருடங்களில் அடங்கிவிட்டன. அடங்காமல் ஏறிக்கொண்டே போனது பிறப்புறுப்பு வறட்சிதான். சிறுநீர் கழித்தால் எரிச்சல், ஆறு மாதத்தில் மூன்று முறை தொற்று. ஆட்டோ பள்ளத்தில் இறங்கினால் பல்லைக் கடித்துக்கொள்வேன். கணவர் அருகில் வந்தாலே தூங்கிவிட்டதுபோல் திரும்பிப் படுத்துவிடுவேன்.

55 வயதில் இந்த வறட்சிக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். மாதம் ஒன்றாக மூன்று சிட்டிங், மொத்தம் 66,000 ரூபாய். வெளிப்புறத்தில் மரத்துப்போகும் களிம்பு தடவினார்கள். எனக்கும் டாக்டருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. மெல்லிய குழல் ஒன்றை உள்ளே செலுத்தி, அதிலிருந்த கோடுகளைப் பார்த்துத் திருப்பித் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். லேசாகக் கருகல் வாடை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு இரண்டு நாள் எரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது சிட்டிங்குக்குப் பிறகு நிஜமாகவே நிம்மதி. பூரித்துப்போய் அண்ணியிடமும் சொல்லிவைத்தேன். ஏழு மாதம் கழித்து எல்லாம் பழையபடி திரும்பியது. வருடம் ஒரு முறை மறுபடியும் செய்துகொள்ளச் சொன்னார்கள், 22,000 ரூபாய்.

மறுபடி செய்துகொள்ளும் முன் எங்கள் தெருவில் இருக்கும் வயதான பெண் மருத்துவரிடம் போனேன். “எஸ்ட்ரியால் கிரீம் போட்டுப் பார்த்தாயா அம்மா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அப்படி ஒன்று இருப்பதையே யாரும் எனக்குச் சொன்னதில்லை! ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததால் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்துவிட்டது, குறைந்ததை அந்த இடத்திலேயே சிறிதளவு கொடுத்தால் போதும் என்றார். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரு முறை. அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கு வித்தியாசம் தெரியவே ஆறு வாரம் ஆனது. துணியில் ஒட்டும், கொஞ்சம் பிசுபிசுப்பு. ஆனால் இந்த 19 மாதங்களில் தொற்று ஒரே முறைதான் வந்தது. செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல். அன்றைக்கே இரவில் கிரீம். அதனால் மறப்பதில்லை.

லேசரால் எனக்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஆனால் தீக்காயம், தழும்பு, நீங்காத வலி ஏற்பட்டதாகப் புகார்கள் வந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இலேயே எச்சரித்திருக்கிறது. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 85 பெண்களில் சுமார் பாதிப் பேருக்கு லேசரும் மீதிப் பேருக்கு வெறும் பாவனைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களும் ஓரளவு தேறித்தான் இருந்தார்கள். என் ஏழு மாத நிம்மதியில் லேசரின் பங்கு எவ்வளவோ!

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் இந்த கிரீமைத் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் லேசர், கிரீம் இரண்டையும் விட்டுவிட்டு முதலில் பரிசோதனைக்குப் போங்கள்.

அண்ணியிடம் போன மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டாராம்.