ஸ்பிரேயா, ஒட்டடைக் குச்சியா, டப்பாவா: வீட்டுக்குள் வரும் சிலந்திக்கு எது சரி?

போன வாரம் குளியலறைக் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், தட்டை உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் விரித்த கால்கள். வீட்டில் மூன்று பேர், மூன்று யோசனை. ஒருவர் கரப்பான் ஸ்பிரேயை எடுக்க ஓடினார். இன்னொருவர் துடைப்பத்தை ஓங்கினார். நான் சமையலறையில் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அது கதவிடுக்கில் புகுந்து காணாமல் போய்விட்டது.

அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான் இந்த அலசல்.

எந்த வழி சிறந்தது என்று கேட்கும் முன், வந்திருப்பது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். இரண்டாகப் பிரித்தால் போதும்: வலை கட்டி உட்கார்ந்திருப்பவை, ஓடித் திரிந்து வேட்டையாடுபவை. கூரை மூலையில் நூல்போன்ற நீளக் கால்களோடு தலைகீழாகத் தொங்குகிறதே, அது முதல் ரகம். அதன் வலையை லேசாகத் தொட்டுப் பாருங்கள், உடம்பைக் கிறுகிறுவென்று சுழற்றும். எதிரியின் கண்ணுக்கு உருவம் மங்கிவிட வேண்டும் என்ற தந்திரம் அது. ஜன்னல் சட்டத்தில் ஈயைக் குறிவைத்துத் தாவும் குட்டிச் சிலந்தியும், எங்கள் கதவுக்குப் பின்னால் இருந்த பெரிய ஆளும் இரண்டாவது ரகம். பெரிய ஆளுக்கு இரை பிடிக்க வலையே தேவையில்லை. இரவில் கரப்பானைத் துரத்திப் பிடிப்பது அதன் பிழைப்பு.

ஸ்பிரே

பெரும்பாலானோர் கை முதலில் போவது இதற்குத்தான். எனக்கு இதன்மேல்தான் புகார் அதிகம்.

வீட்டு உபயோகப் பூச்சி ஸ்பிரேக்களில் பலவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. நரம்பைத் தாக்கும். சிலந்தியின் மேலேயே படும்படி அடித்தால் அது சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாம் செய்வது என்ன? சுவரோரம் முழுக்க அடித்துவிட்டு, இனி எதுவும் வராது என்று நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம். கரப்பானிடம் இது பலிக்கும். அது தரையோடு தரையாக ஊர்ந்து போகிற பிராணி. போதாததற்கு மீசையையும் காலையும் வாயால் வழித்துச் சுத்தம் செய்யும். காய்ந்துபோன மருந்தும் உள்ளே போய்விடும். சிலந்தியோ கால் நுனியில் நடக்கிறது, உடம்பு தரையில் படுவதில்லை. வலையில் தொங்குகிற ரகம் நீங்கள் மருந்தடித்த சுவரை நாள் முழுக்கத் தொடாமலேயே இருக்கலாம்.

"அடித்த மறுநாளே செத்துக் கிடந்ததே" என்பார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? கால்கள் எட்டும் முழுசாக இருக்கும், ஊதினால் பறக்கும், முதுகுப் பக்கம் மூடி திறந்த மாதிரி இருக்கும். அது பிணம் அல்ல, சட்டை. சிலந்தி வளரும்போது பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். உண்மையிலேயே செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். அதன் கால்களில் முக்கியமான மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போய்விடும், கால் மடங்கிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் கழற்றிப் போட்ட சட்டையைப் பார்த்து ஸ்பிரேக்குச் சான்றிதழ் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

வீட்டில் மீன் தொட்டி இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். அந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைக்கும் ஆகாது.

ஒட்டடைக் குச்சி

வலை கட்டும் ரகத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. எதிரே நிற்பது வேக்குவம் கிளீனர்தான். இரண்டும் வலையை எடுக்கும், சிலந்தியை எடுக்கும், முக்கியமாக முட்டையையும் எடுக்கும். ஸ்பிரேயை நம்பினால் முட்டை மிஞ்சிவிடலாம், பட்டுப்பை அதற்குப் போர்வை.

குச்சியை அழுத்தித் தேய்த்தால் நூலாம்படை சுவரில் கறுப்புக் கோடாக அப்பிக்கொள்ளும். நுனியில் ஈரத்துணி சுற்றி, வலைக்குள் விட்டு மெல்ல உருட்ட வேண்டும். பஞ்சு மிட்டாய் சுற்றுவதுபோல் நூல் சுற்றிக்கொண்டு வந்துவிடும், தூசும் தலையில் கொட்டாது. வேக்குவம் இந்தத் தொல்லை இல்லாமல் உறிஞ்சிவிடும், ஆனால் முடிந்த கையோடு பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டாவிட்டால் உள்ளே போனது திரும்பி வர வாய்ப்பு உண்டு. அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்றால் வேக்குவம். கூரை மூலைக்குக் குச்சி.

ஓடும் ரகத்திடம் மட்டும் குச்சியை நீட்டாதீர்கள். குச்சி வழியாகவே கைக்கு வந்துவிடும்.

டப்பாவும் அட்டையும்

ஓடும் ரகத்துக்கு இதுதான். அது சுவரில் அசையாமல் இருக்கும்போது அகலமான டப்பாவை மேலே கவிழ்த்து, ஒரு கெட்டி அட்டையைச் சுவரோடு ஒட்டி உள்ளே செருகி, அப்படியே வெளியே கொண்டுபோய் விடுவது. சொல்லும்போது எளிது. வேகமாகக் கையை வீசினால் காற்றசைவை அதன் கால் மயிர்கள் உணர்ந்துவிடும், பிறகு துரத்துவது வீண். டப்பாவை மெதுவாகக் கொண்டுபோய்க் கடைசி ஒரு சாண் தூரத்தில் மட்டும் சட்டென்று கவிழ்க்க வேண்டும். அட்டையை நிதானமாகச் செருகினால் கால் நசுங்காது. டப்பாவின் வாய், விரித்த கால்களைவிட அகலமாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் டம்ளரோடு போய் அசடு வழிந்த அனுபவம் உண்டு.

இதன் குறை: வீட்டுக்குள்ளேயே வாழப் பழகிய சில வகைகள் வெளியே விட்டால் பிழைக்காமல் போகலாம். துடைப்பத்தடிக்கு இது எவ்வளவோ தேவலை.

மற்றவை, சுருக்கமாக

மீயொலிக் கருவி (நம் காதுக்குக் கேட்காத ஒலியால் பூச்சியை விரட்டும் என்று விற்கப்படுவது): பணத்தைச் செலவழிக்க வேண்டாம். சிலந்திக்கு நம்மைப்போல் காது கிடையாது. மயிர்களாலும் கால்களில் உள்ள நுண்ணிய பிளவுகளாலும் அதிர்வை உணர்கிறது. 2001-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இத்தகைய கருவிகளைத் தயாரிப்போர், விற்போர் 60-க்கும் மேற்பட்டோருக்கு, பலன் உண்டென்று சொன்னால் அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

வாசனை எண்ணெய்: கொஞ்சம் விஷயம் இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் எலுமிச்சை எண்ணெயைச் சிலந்திகள் சட்டை செய்யவில்லை. புதினா எண்ணெயைச் சில இனங்கள் தவிர்த்தன. ஆனால் வாசனை ஆவியாகிவிடும், திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். பூனை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம்.

பசை அட்டை: ஓடும் ரகம் மாட்டும். பல்லியும் மாட்டும், உயிரோடு துடிக்கும். எனக்கு ஒருமுறை பார்த்ததே போதும்.

சும்மா விட்டுவிட்டால்?

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். உலகத்துச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன என்று 2017-ல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரும்பகுதி பூச்சிகள். நம் வீட்டு ஈயும் கொசுவும் கரப்பானும் அந்தக் கணக்கில் ஒரு துளி.

கடிக்காதா? பெரும்பாலானவற்றின் கடி மனிதருக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. கறுப்பு விதவைச் சிலந்தி போன்ற ஆபத்தான இனங்கள் உள்ள பகுதி என்றால் கதை வேறு: டப்பா விளையாட்டு வேண்டாம், கையுறை போடுங்கள், காலணியை உதறிவிட்டு அணியுங்கள். காலையில் எழுந்ததும் கழுத்தில் கோடாக எரிச்சலும் கொப்புளமும் இருந்தால், "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பல நேரம் குற்றவாளி வேறு: விளக்கொளிக்கு வரும் ஒரு சிறு வண்டு. ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு மாதிரி இருக்கும். தூக்கத்தில் நசுக்கிவிட்டால் அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலைச் சுட்டுவிடும். பழி மட்டும் சிலந்திக்கு.

என் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இது. கூரை மூலைக்கு மாதம் இரண்டு முறை குச்சி. ஓடும் ரகத்துக்கு டப்பா. ஜன்னலில் தாவும் குட்டிகளை யாரும் தொடுவதில்லை. ஸ்பிரே கரப்பானுக்கு மட்டும். வாசல் விளக்கை மஞ்சள் ஒளிக்கு மாற்றினேன், கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியை அடைத்தேன். விளக்குக்குப் பூச்சி வருவது குறைந்ததும் வாசற்படி மூலையில் வலை கட்டுவதும் குறைந்தது. சாப்பாடு இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை?

அந்தப் பெரிய ஆள் முந்தாநாள் மறுபடி வந்தது, அதே கதவு. டப்பா தயாராக இருந்ததால் இந்த முறை பிடித்துவிட்டேன். அடியில் வெள்ளையாக, நாணயம்போல் தட்டையாக எதையோ அணைத்துக்கொண்டிருந்தது. முட்டைப்பை. உள்ளே நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் இருக்கக்கூடும். போன வாரமும் அது இருந்து, துடைப்பம் சரியாக விழுந்திருந்தால், பை கிழிந்து குளியலறை முழுக்க... துடைப்பத்தை ஓங்கியவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.