மேசைமேல் வைக்கும் நெருப்புக் கிண்ணம்: காந்தலூரிலிருந்து ஒற்றை நட்சத்திரம்

ஆன்லைனில் விலை 1,499 ரூபாய். பெட்டிக்குள் இரண்டு கையில் ஏந்தும் அளவுக்கு ஒரு சிமென்ட் கிண்ணம், நடுவில் இறங்கி உட்காரும் எவர்சில்வர் குவளை, அணைக்க ஒரு மூடி, சுற்றித் தூவக் கருப்புக் கூழாங்கல், மார்ஷ்மெல்லோ குத்திச் சுட நாலு கம்பி. குவளையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ எத்தனாலோ ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். விறகு மாதிரிப் புகை கிடையாது, சாம்பல் கிடையாது, இருட்டில் பார்க்க அழகாகவே இருக்கும். அந்த அழகுக்குத்தான் ஒரு நட்சத்திரம்.

நான் காந்தலூரில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னார் காட்டைத் தாண்டி, மறையூரில் திரும்பி மேலே ஏறினால் எங்கள் ஊர். இடுக்கி மாவட்டம், கேரளம். ஆனால் டீக்கடையிலும் ஜீப்பிலும் பேச்சு தமிழ்தான். ஆப்பிள் பார்க்க, பூண்டு வாங்க என்று வருகிறவர்களும் பெட்டியை இறக்கும் முன்னே கேட்பது, "சேட்டா, கேம்ப் ஃபயர் உண்டோ?" சாரல் அடிக்கிற நாளில் முற்றத்தில் விறகு பிடிக்காது. திண்ணையில், மேசைமேல் வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. வாங்கினேன்.

முதல் குறை சின்னதாகத் தெரியும், ஆனால் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. குவளை ரொம்பச் சிறியது. அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணியில் தீர்ந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொண்டு உட்காருகிறவர்கள் அரை மணியிலா எழுந்திருப்பார்கள்? திரும்ப ஊற்றத்தான் வேண்டும். ஒரு சாயங்காலத்தில் இரண்டு மூன்று தடவை ஊற்ற வைக்கிற பொருளைச் செய்துவிட்டு, "சூடாக இருக்கும்போது நிரப்பாதீர்கள்" என்று துண்டுச்சீட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் போட்டிருக்கிறார்கள். சிமென்ட் ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அதில் இல்லை.

இரண்டாவது குறை தீயிலேயே இருக்கிறது. ஆல்கஹால் தீ குறையும்போது வெளிறிய நீலமாகிவிடும். அடியில் கொஞ்சமாக எரியும்போது, வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எங்கள் திண்ணையில் டியூப்லைட் போட்டிருந்தது. தங்கச்சி மகன், என்னோடு ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்கிறவன், "அணைஞ்சிருச்சு மாமா" என்று சொல்லிக்கொண்டே கேனைச் சாய்த்தான். அடியில் தீ இருந்தது. ஊற்றுகிற தாரையைப் பிடித்தே அது கேனுக்குள் ஏறியது. பாதி காலியான கேனில் மிச்ச இடமெல்லாம் ஆவிதானே. அது பற்றி, உள்ளே இருந்த திரவத்தை எரிய எரிய வாய் வழியாகத் துப்பியது. துப்பாக்கி மாதிரி, ஒரே திசையில். எதிரே உட்கார்ந்திருந்த கொச்சிக்காரம்மாவின் சால்வை பற்றிக்கொண்டது. கம்பளியைப் போர்த்தி அமுக்கினோம். அவருக்குக் கழுத்தோரம் கொப்புளத்தோடு போயிற்று. இவனுக்கு வலது முன்கை முழுக்க. குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் கீழேயே கையைப் பிடிக்க வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா பேஸ்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்று தடுத்தது நல்லதாயிற்று என்று பிறகு டாக்டரும் சொன்னார். கோயம்புத்தூரில் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார்கள்.

இது என்னவோ எங்கள் திண்ணையில் மட்டும் நடந்த விபரீதம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அமெரிக்காவில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: "ஃபிளேம் ஜெட்டிங்", அதாவது கேனிலிருந்து தீ பீறிட்டுப் பாய்வது. அங்கே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில், கிண்ணத்தில் ஆல்கஹாலைத் தேக்கி எரிக்கும் இந்த வகையை வாங்காதீர்கள், வைத்திருந்தால் பயன்படுத்தாதீர்கள் என்று பொதுவாகவே எச்சரித்தது. 2019 முதல் அவர்கள் கணக்கில் இரண்டு சாவு, குறைந்தது 60 பேருக்குக் காயம். அந்தத் தீயின் சூடு 870 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும், பட்ட உடனே தோலின் முழு ஆழத்துக்கும் சுட்டுவிடும் என்கிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால் கோல்சன் என்ற பிராண்டின் கிண்ணங்கள், சுமார் 89,500, திரும்பப் பெறப்பட்டன. தீக்காயப் புகார்கள் 19. அதற்கும் வெகு முன்னால், 2011-லேயே, இதே மாதிரி ஊற்றி எரிக்கும் ஜெல் எரிபொருளை அங்கே லட்சக்கணக்கில் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். எரிபொருள் கேனின் வாயில் தீ உள்ளே ஏறாதபடி தடுப்பு வேண்டும் என்று 2020-ல் சட்டமே போட்டார்கள். எங்களுக்கு இதோடு "காம்போ" என்று வந்த ஒரு லிட்டர் கேனின் வாய் சும்மா திறந்த வாய்.

அப்புறம் விற்றவரின் சேவை. படத்தோடு புகார் போட்டேன். "தவறான பயன்பாடு" என்று பதில். கொஞ்சம் குரலை உயர்த்தியதும், "பொருளைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறோம்" என்று தேன் ஒழுகப் பேசினார்கள். பிக்கப் ஆள் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அன்றைக்கு யோசனை கேட்க மூணாறு வக்கீலுக்குப் போன் போட்டிருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, அதை மட்டும் குடுத்துராதீங்க. அதுதான் நம்ம சாட்சி." கிண்ணம், உருகிய கேன், பெட்டி, துண்டுச்சீட்டு, பில், எரிந்த சால்வை எல்லாவற்றையும் கழுவாமல் துடைக்காமல் ஒரு டிரம்மில் போட்டு மூடிவைத்திருக்கிறோம். விளம்பரப் பக்கத்தையும் அன்றே படம் பிடித்துக்கொண்டோம். நல்லவேளை எடுத்துவைத்தோம், இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் மறைந்துவிட்டது.

வழக்கு விஷயம் நான் நினைத்த அளவுக்கு மலையாக இல்லை. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் காயத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது, 82 முதல் 87 வரையான பிரிவுகள். வடிவமைப்பே கோளாறு என்றாலும், சரியான எச்சரிக்கை தரவில்லை என்றாலும் தயாரித்தவர் பொறுப்பு. எங்கள் பெட்டியில் தயாரித்தவர் பேரும் இல்லை, இறக்குமதி செய்தவர் பேரும் இல்லை. அப்படித் தெரியாத பட்சத்தில் விற்றவரையே பிடிக்கலாம் என்கிறது 86-வது பிரிவு. விற்றவர் டில்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஆகவே இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து அல்ல; 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எதிர்த்தரப்பு இரண்டு வாதம் வைத்திருக்கிறது. ஒன்று, நான் தொழிலுக்கு வாங்கியவன், நுகர்வோரே அல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. மாமனும் மருமகனும் பாத்திரம் கழுவி நடத்துகிற ஹோம்ஸ்டே அதில் அடங்கும் என்பது வக்கீலின் கணக்கு. இரண்டாவது, தவறான பயன்பாடு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது போக முடியாது என்று 87-வது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் தீர்ந்த குவளையில் ஊற்றுவதைத் தவிர இந்தக் கிண்ணத்தை வேறு எப்படித்தான் பயன்படுத்துவது? அவர்கள் விளம்பர வீடியோவிலேயே ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஊற்றுகிறார். அந்த வீடியோவும் டிரம்மில், பென்டிரைவாக.

கொச்சிக்காரம்மா நினைத்தால் என் மீதே போட்டிருக்கலாம்; சேவை தருகிறவனுக்கும் 85-வது பிரிவு இருக்கிறது. போடவில்லை. எங்களுக்காகச் சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வழக்கு இன்னும் ஓடுகிறது. மருமகனுக்கு விரல் மடக்கப் பயிற்சி நடக்கிறது. வெயிலில் அந்தக் கை அரிக்கிறது என்கிறான். அதே கிண்ணம் வேறு பெயரில், வேறு விற்பனையாளர் பக்கத்தில், இப்போது 1,299-க்குக் கிடைக்கிறது.

இதற்குப் பதில் கரிச்சட்டியை அறைக்குள் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, கதவடைத்த அறையில் கரிப்புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எங்கள் முற்றத்தில் இப்போது பழைய இரும்புச் சட்டியும் கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) விறகும்தான், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். விறகுக்கு 300 ரூபாய் தனி. மழை வந்தால் கேம்ப் ஃபயர் கிடையாது என்று புக்கிங்கின்போதே சொல்லிவிடுகிறோம்; சிலர் முகம் சுளித்து வேறு இடம் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.