131 சூட்டா, 32 ரிட்டா? மத்திய அரசோட மோதுற மாநிலம் எந்த வழியில போகணும்

மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும், இல்ல மாநிலங்களுக்குள்ளயே சட்ட உரிமை சம்பந்தமா சண்டை வந்தா அதை சுப்ரீம் கோர்ட் மட்டும்தான் விசாரிக்கணும், வேற எந்த கோர்ட்டும் கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 131வது பிரிவு தெளிவா சொல்லுது. அப்படி இருந்தும் இப்பல்லாம் பல மாநிலங்கள் 32வது பிரிவுல ரிட் மனுவா (அடிப்படை உரிமையைக் காக்க நேரா சுப்ரீம் கோர்ட்டுல உத்தரவு கேட்குற மனு) போடுறாங்க, ஏன்னு பார்த்தா ரெண்டுக்கும் நடைமுறையில அவ்வளவு வித்தியாசம் இருக்கு.

131ல போடுற வழக்கு, அதாவது சூட், முழுசா ஒரு சிவில் வழக்கு மாதிரி. ரெண்டு பக்கமும் எழுத்துல வாதம் தாக்கல் பண்ணணும், அப்புறம் சாட்சி, ஆவணம்னு போகும், அதனால இழுக்கும். ஆனா அந்த இழுவையில ஒரு பலன் இருக்குன்னு முல்லைப் பெரியாறு காட்டுச்சு. 2006 பிப்ரவரியில 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு கோர்ட் சொன்னதும் கேரளா அடுத்த மாசமே சட்டத்தைத் திருத்தி 136 அடிக்கு மேல கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, தமிழ்நாடு 131ல சூட் போட்டுச்சு, நீதிபதி ஆனந்த் கமிட்டி அணையோட பலத்தை ஆராய்ஞ்சு ரிப்போர்ட் கொடுத்துச்சு, 2014 மே 7 அன்னைக்கு 5 நீதிபதிகள் அந்த திருத்தம் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னாங்க. 8 வருஷம் ஆச்சுதான், ஆனா அணை பலமா இருக்கான்னு இவ்வளவு ஆழமா ஆராய ரிட் மனு தோதான இடம் இல்ல.

131ல பெரிய சிக்கல் யாரை எதிர்த்து போடலாம்ங்கிறதுதான். மத்திய அரசு, மாநிலங்கள், அவ்வளவுதான். பீகார் அரசு இரும்பு சப்ளை குறைஞ்ச விவகாரத்துல ஹிந்துஸ்தான் ஸ்டீல் கம்பெனியையும் பிரதிவாதியா சேர்த்துச்சு, கம்பெனி எல்லாம் இதுக்குள்ள வராதுன்னு 1969ல கோர்ட் அந்த வழக்கை எடுக்கல. சிபிஐ விவகாரத்துல மத்திய அரசை எதிர்த்து மேற்கு வங்கம் போட்ட சூட்லயும் சிபிஐ வேற நாங்க வேறன்னு மத்திய அரசு சொல்லிப் பார்த்துச்சு, 2024 ஜூலைல கோர்ட் அதை ஏத்துக்கல.

கவர்னர் மசோதாவைக் கிடப்புல போட்டா என்ன பண்றது? 131 அதுக்கு சரியா பொருந்தாது. தமிழ்நாடு 2023ல 32ல போச்சு, 2025 ஏப்ரல் 8ல 10 மசோதாவும் ஒப்புதல் ஆனதாவே கருதப்படும்னு தீர்ப்பு வந்துச்சு. ஒன்றரை வருஷத்துக்குள்ள!

பணப் பிரச்சனையில பார்த்தா வித்தியாசம் இன்னும் உறைக்கும். கர்நாடகா வறட்சி நிவாரணத்துக்கு 2024 மார்ச்ல ரிட் போட்டாங்க, ஏப்ரல் கடைசிக்குள்ள 3,400 கோடிக்கு மேல ரிலீஸ் ஆச்சு, கேட்டது 18,000 கோடிக்கு மேலன்னாலும் கைக்கு ஏதோ வந்துச்சு. கடன் வாங்குற வரம்பைக் குறைச்சதுக்கு எதிரா கேரளா 2023 டிசம்பர்ல 131ல போன சூட்டோ இடைக்கால நிவாரணம் கிடைக்காம 2024 ஏப்ரல்ல 5 நீதிபதிகள் பெஞ்சுக்குப் போயிடுச்சு. ரெண்டும் வேற வேற கேள்விதான், ஒண்ணு நிவாரணம், இன்னொண்ணு அரசியல் சட்ட விளக்கம், இருந்தாலும் அவசரத்துக்கு எது உதவும்னு தெரியுதுல்ல.

32க்கும் ஒரு பலவீனம் இருக்கு. அது அடிப்படை உரிமைக்கான பிரிவு, மாநில அரசுக்கு ஏது அடிப்படை உரிமைன்னு மத்திய அரசு கேட்குறது சும்மா தள்ளிவிடுற வாதம் இல்ல. மத்திய-மாநில தகராறுக்கு 131 சூட் தவிர வேற வழியே கிடையாதாங்கிறது 2025 மே மாசம் ஜனாதிபதி கோர்ட்டுக்கு அனுப்புன 14 கேள்விகள்ல கடைசி கேள்வி. காவேரி மாதிரி நதிநீர் பங்கீட்டுக்கு இந்த ரெண்டுமே நேர்வழி இல்ல, அது 262வது பிரிவு, டிரிப்யூனல் (நதிநீர் தீர்ப்பாயம்), தனி ரூட்.

என்னைக் கேட்டா, ஆவணமும் நிபுணர் ஆய்வும் வேணும்ங்கிற சண்டைன்னா 131தான், அதிகாரி ஒருத்தர் கடமையைச் செய்யலன்னா 32. மத்திய அரசோட பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா பணம் 2,291 கோடி கேட்டு தமிழ்நாடு 2025 மே மாசம் 131ல சூட் போட்டது சட்டப்படி சரியான வழிதான். ஆனா ஸ்கூல் பிள்ளைங்களுக்கான பணம், முல்லைப் பெரியாறு மாதிரி 8 வருஷம் காத்திருக்க முடியாது, அதனால 131 சூட்லயும் இடைக்கால உத்தரவு மனுவை முதல்ல எடுத்து சீக்கிரம் முடிவு சொல்ற வழக்கம் கட்டாயம் வரணும்.