மார்கழிச் சுடுதண்ணி: கீசரா, கேஸா, விறகு பாய்லரா, சோலாரா?

வால்பாறை மாதிரி மலை ஊர்களை விட்டுவிடுவோம். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் வீட்டைச் சூடாக்க யாரும் பெரிதாகச் செலவழிப்பதில்லை. மார்கழி, தையில் கூடுதலாகப் போகும் காசெல்லாம் குளிக்கிற சுடுதண்ணிக்குத்தான்.

முதலில் ஒரு வாளிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் வேண்டும். கீசரானாலும் வாளியில் போடும் ஹீட்டர் ராடானாலும் கணக்கு இதுதான். நாலு பேர் வீட்டில் தினம் 2 யூனிட், இரண்டு மாத பில்லில் 120 யூனிட்.

அந்த 120 யூனிட் உங்கள் பில்லில் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் விஷயம். 400 யூனிட்டுக்குள் முடிக்கிற வீட்டுக்கு யூனிட் ஐந்து ரூபாய்க்குள், வாளி இரண்டரை ரூபாய்க்குள் அடங்கும். ஏற்கெனவே 450 ஓடுகிற வீடென்றால் கீசர் அதை 500-க்கு மேல் தள்ளிவிடும். அதற்கு மேற்பட்ட யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். போதாததற்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகையும் போய்விடும். அப்புறம் வாளி நாலு ரூபாயைத் தாண்டிவிடும்.

கீசரின் ஸ்டார், தொட்டியில் நிற்கும் சுடுதண்ணி எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதற்குத் தருவது. குளித்ததும் ஸ்விட்சை அணைக்கிற வீட்டில் ஐந்து ஸ்டாருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய லாபமில்லை. நாள் முழுக்கப் போட்டு வைப்பவர்களுக்குத்தான் அது தேவை. ராடு மலிவுதான், ஆனால் ஓடும்போது வாளியில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கேஸ் கீசரில் 14.2 கிலோ சிலிண்டருக்கு ஏறக்குறைய 280 வாளி வரும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் வாளி மூன்று ரூபாய் சொச்சம். 500 யூனிட் தாண்டும் வீட்டுக்கு இது கரண்டை விட மலிவு. இருந்தும் குளியலறைக்குள் மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். வெளிச்சுவரில் மாட்டிக் குழாய் இழுக்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, விறகு பாய்லரை எதுவும் மிஞ்சாது. தீ நடுக்குழாயில் எரிகிறது, தண்ணீர் அதைச் சுற்றி நிற்கிறது. அண்டாவை அடுப்பில் ஏற்றினால் பக்கவாட்டில் வீணாகும் சூடு இதில் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடும். காய்ந்த தென்னை மட்டை, பன்னாடை, பாளை, பருத்திமார் என்று தோட்டத்தில் விழுவதே போதும். தேங்காய்த் தொட்டியை (கொட்டாங்குச்சியை) மட்டும் உள்ளே போடாதீர்கள். நின்று எரியும், உண்மைதான்; ஆனால் காங்கயம் பக்கத்துக் கரி ஆலைகளுக்கு அது கிலோ கணக்கில் விலை போகிறது. உரிமட்டைக்கும் பொள்ளாச்சி நார் ஆலைகளில் கிராக்கி உண்டு. ஓசி என்று நினைத்து எரிப்பது கைக்காசு. விறகை விலைக்கு வாங்கும் டவுன் வீட்டுக்குப் பாய்லர் கட்டாது. புகையால் அக்கம்பக்கத்தோடு சண்டை வேறு வரும்.

சொந்த வீடு, வெயில் விழும் மொட்டை மாடி என்றால் என் ஓட்டு சோலாருக்கு. 100 லிட்டர் நாலு பேருக்குத் தாராளம். ஐப்பசி, கார்த்திகையில் மோடம் போட்டால் சொதப்பும், தையில் வானம் தெளிந்துவிடும். இங்கே பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் செம்புத் தகடு வகை பல வருஷம் உழைக்கும். போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்து செம்புத் தகட்டோடு இருக்கும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்; கண்ணாடிக் குழாய் வகையே மேல், கழற்றிக் கழுவலாம். கீசர் காயிலிலும் இதே உப்புதான் படிகிறது.

வாடகை வீட்டுக்குச் சின்ன கீசரே சரி. போர் இருந்தால் குளிக்கும் நேரத்தில் மோட்டாரைப் போட்டு நேராக வாளியில் பிடியுங்கள். ராத்திரி முழுக்க மேல்தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் மாதிரி இருக்காது, வெதுவெதுப்பாக வரும். 26 டிகிரியில் வந்தாலே வாளிக்குக் கால் பங்குக்கு மேல் கரண்டு மிச்சம்.