கேதுருவா, கிச்சிலியா? உன்னதப்பாட்டின் இரண்டு மரங்கள்

பைபிளின் காதல் பாடல் நூலான உன்னதப்பாட்டில் கேதுரு (சீடர் மரம்) பெரும்பாலும் கட்டுமானமாகவே வருகிறது. 1:17-இல் காதலர் வீட்டின் உத்திரம் (முந்தின வசனம் பசுமையான மஞ்சத்தைச் சொல்வதால், உயிருள்ள கிளைகளாகவும் இருக்கலாம்). 8:9-இல் தங்கை கதவைப் போலிருந்தால் உடன்பிறந்தவர்கள் அவளை அடைக்கும் பலகை. 5:15-இல் மட்டும் காதலனின் கம்பீரத்துக்கு உவமை. எளிதில் உளுத்துப்போகாத, மணமுள்ள மரம். உறுதிக்கும் காவலுக்கும் பொருத்தம்தான்.

கிச்சிலி (பல மொழிபெயர்ப்புகளில் ஆப்பிள் மரம்) அப்படியில்லை. காட்டுமரங்களுக்கு நடுவே நிற்கும் அதன் நிழலில் காதலி ஆசையோடு உட்காருகிறாள், கனியைச் சுவைக்கிறாள் (2:3). அப்புறம் 8:5-இல் கிச்சிலி மரத்தடியில்தான் காதலனை எழுப்புகிறாள்; அவன் தாய் அவனைப் பெற்றதும் அங்கேதான். நிழல், ருசி, பிறப்பு மூன்றும் ஒரே மரத்தில்! என் மனம் சாய்வது இதன் பக்கம்தான். கேதுருப் பலகை தங்கையைச் சுற்றி மற்றவர்கள் அடிப்பது. கிச்சிலி நிழல் காதலியே விரும்பி உட்கார்ந்த இடம்.